மரபணு ஆய்வுகளில் மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதைக் கேட்டுத் துல்லியமாக அளக்க முடியுமா?

நீங்கள் ஆராய்ச்சி மாணவர், கையில் ஒரு கேள்வித்தாளோடு தயங்கி நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் விஞ்ஞானி இல்லை, படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். கடலூரில் வீடு வீடாகப் போய் "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்டு எழுதியவள். முழுத் துல்லியம் கிடைக்காது. ஆனால் நம் ஆட்கள் அளப்பதைவிட நன்றாக அளக்கலாம்.

தேவனாம்பட்டினத்தில் ஒரு அம்மா. காலையில் என்ன சாப்பிட்டீங்க என்றேன். "ஒண்ணும் சாப்புடலம்மா" என்றார். அப்படியே எழுதினேன். கிளம்பும்போது பார்த்தால் திண்ணையில் கழுவாத குண்டான். என்னம்மா இது என்றால், பழைய சோறும் சுட்ட கருவாடும்! "இட்லி, தோசையக் கேக்குறன்னு நெனச்சேன், இதெல்லாம் ஒரு சாப்பாடா?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கேள்விதான் தப்பு. அதற்கு முன் முடித்த நாற்பது படிவங்களில் எத்தனை வீட்டுப் பழைய சோறு விட்டுப்போயிருக்கும்? அந்த நாற்பது வீட்டுக்கும் என் சொந்தக் காசில் மறுபடி போனேன்.

அப்புறம் "எழுந்ததிலிருந்து வாயில் என்னென்ன போட்டீங்க" என்று கேட்டேன். எத்தனை கப் என்று கேட்பதை விட்டுவிட்டு, அவர்கள் கரண்டியிலேயே தண்ணீர் மொண்டு அளவு ஜாடியில் ஊற்றிப் பார்த்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் விசைப்படகுக்காரர் வீட்டுத் தட்டு வேறு, மற்ற மாதங்களில் வேறு. புரட்டாசியில் இன்னும் வேறு. ஒரே நாள் கேட்டால் போதாது.

மரபணு ஆய்வில் இது ஏன் பெரிய சிக்கல் என்றால், ரத்தத்தில் பார்க்கும் மரபணு விவரம் பெரும்பாலும் சரியாக இருக்கும், சாப்பாட்டுக் கணக்கு ஆடும். அப்போது மரபணுவுக்கும் சாப்பாட்டுக்கும் உண்மையிலேயே இருக்கும் தொடர்பும் மங்கித் தெரியும், அதைப் பிடிக்கப் பல மடங்கு ஆட்கள் வேண்டும். உடல் எடை கூடியவர்கள் சாப்பிட்டதைக் குறைத்துச் சொல்வதும் அதிகம். கனமான ஐசோடோப்பு (அதே தனிமத்தின் எடை கூடிய அணு வகை) கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, உடல் செலவழிக்கும் ஆற்றலை அளந்து, அவர்கள் சொன்ன சாப்பாட்டோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் தெரிய வந்த விஷயம் இது. எடையோடு சம்பந்தப்பட்ட எஃப்டிஓ போன்ற மரபணுவை ஆராய்பவர்களுக்கு அது நேரடியாகவே இடிக்கும். கருவாடு தின்னும் ஊரில் உப்பை வாய்க்கேள்வியில் பிடிக்கவே முடியாது. 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துச் சோடியம் பாருங்கள்.

எங்கள் ஆய்வுக் கூட்டத்தில், சாப்பாட்டுக் கணக்கு ஆடியதற்குக் காரணம் "களப்பணியாளர்கள் அலட்சியம்" என்றார்கள். அந்தப் படிவத்தை எழுதியவர் ஒருநாள்கூட அந்தத் தெருவுக்கு வந்ததில்லை. கட்டுரை வெளிவந்தபோது நன்றிப் பகுதியில்கூட எங்கள் எட்டுப் பேர் பெயர் இல்லை. உங்கள் கட்டுரையிலாவது போடுங்கள்.