ஜெட் எரிபொருள் ஊற்றினால் ஜெட் மணியாகிவிடுமா?

கேள்வி: செஸ்னா 172-இல் 182 மணி 40 நிமிடம், இரட்டை இன்ஜின் டைமண்ட் டிஏ42-இல் 18 மணி 20 நிமிடம் பறந்து சிபிஎல் (வணிக விமானி உரிமம்) எடுத்தேன். இப்போது ஏடிஆர் 72-இல் துணை விமானி. அதில் 644 மணி 10 நிமிடம் ஆகியிருக்கிறது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் விண்ணப்பப் படிவத்தில் பிஸ்டன், டர்போபிராப், ஜெட், மொத்த டர்பைன் என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். பறந்த மணிகளைப் பதியும் என் லாக்புக்கில் சிங்கிள் இன்ஜின், மல்டி இன்ஜின் என்ற பிரிப்புதான் உண்டு. டிஏ42-க்கு ஜெட் விமான எரிபொருளான ஜெட் ஏ-1 தானே ஊற்றுகிறோம், அதையும் டர்பைனில் சேர்க்கலாம் என்கிறார் என்னோடு படித்த நண்பர். சேர்க்கலாமா?
- ஒரு வாசகர், பல்லாவரம்

பதில்: சேர்க்கக் கூடாது. டிஏ42 பிஸ்டன் விமானம்தான். டாங்கியில் என்ன ஊற்றுகிறோம் என்பதை வைத்து இன்ஜின் வகையைச் சொல்ல முடியாது. உள்ளே விசை எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். டிஏ42-இன் டீசல் இன்ஜினில் சிலிண்டர் இருக்கிறது, அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது, அதுதான் புரொபெல்லரைச் சுழற்றுகிறது. ஜெட் ஏ-1 அடிப்படையில் மண்ணெண்ணெய் வகை என்பதால் டீசல் முறையிலும் எரியும். ஒவ்வோர் இன்ஜினுக்கும் ஒரே ஒரு லீவர், எரிபொருள்-காற்றுக் கலவையை மாற்றும் மிக்ஸ்சர் லீவர் கிடையாது, கணினி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது என்பதால் காக்பிட்டில் உட்கார்ந்தால் டர்பைன் மாதிரியே தோன்றும். உங்கள் நண்பரின் குழப்பம் எனக்குப் புரிகிறது.

இதே போல இன்னொரு குழப்பம் 'டர்போ' என்ற சொல்லால் வருகிறது. பைப்பர் செனகா என்ற சிறு விமானத்தில் இரண்டாம் மாடல் முதல் டர்போசார்ஜர் உண்டு. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழன்று, உள்ளே போகும் காற்றை அழுத்தித் தருகிறது, அவ்வளவுதான். சக்தி பிறப்பது சிலிண்டருக்குள்தான். எனவே அதுவும் பிஸ்டன். ஏடிஆரில் அப்படி இல்லை. அங்கே எரிந்த வாயுவால் சுழலும் டர்பைனே கியர்பாக்ஸ் வழியாக புரொபெல்லரைச் சுழற்றுகிறது, அது டர்போபிராப். ஏ320 நியோவில் வரும் ஒருவகை பிராட் அண்ட் விட்னி இன்ஜினில் விசிறிக்கும் டர்பைனுக்கும் நடுவே கியர்பாக்ஸ் உண்டு. கியர் இருந்தால் டர்போபிராப்தானே என்று மாணவர்கள் கேட்பார்கள். இல்லை, அது உறைக்குள் சுழலும் விசிறி, டர்போஃபேன் என்ற ஜெட் வகை. படிவத்தில் 'டர்போஜெட்' என்று மட்டும் அச்சிட்டிருந்தாலும் ஏ320, போயிங் 737 மணிகள் அதில்தான் போகும்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். இன்ஜின் எத்தனை என்பது ஒரு பிரிப்பு, எந்த வகை என்பது வேறு பிரிப்பு. ஒரே மணிகளைத்தான் இரண்டு சல்லடையில் சலிக்கிறோம். பிஸ்டன் 201 மணி 00 நிமிடம்: அதில் சிங்கிள் 182:40, மல்டி 18:20. டர்போபிராப் 644:10, எல்லாமே மல்டி. ஜெட் பூஜ்யம். மொத்த டர்பைன் என்பது டர்போபிராப்பும் ஜெட்டும் சேர்ந்தது. உங்களுக்கு அதே 644:10. அதைத் தனியாக இன்னொரு முறை மொத்தத்தில் கூட்டிவிடாதீர்கள், நிறைய பேர் சறுக்கும் இடம் இதுதான். இப்போது சரிபாருங்கள்: பிஸ்டனும் டர்பைனும் சேர்ந்தால் 845:10. சிங்கிள் 182:40-உம் மல்டி 662:30-உம் சேர்ந்தாலும் 845:10. இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தால்தான் படிவத்தில் கை வைக்கலாம்.

ஏடிஆர் மணிகளை பி2, அதாவது துணை விமானி நேரம் என்றே காட்டுங்கள். இரண்டு விமானிகள் கட்டாயம் என்று சான்றளிக்கப்பட்ட விமானம் அது. சர்வதேச விதிப்படி துணை விமானியின் நேரம் அங்கே முழுதாகக் கணக்கில் வரும். செஸ்னா 208 கேரவன் போல ஒரே விமானி ஓட்டலாம் என்று சான்றுள்ள விமானத்தில், விதி கேட்பதால் துணை விமானியாக உட்கார்ந்தவர்களுக்கு உயர்நிலை உரிமத்துக்குப் பொதுவாகப் பாதி நேரம்தான் எடுத்துக்கொள்ளப்படும். சிமுலேட்டர் நேரம் எந்த இன்ஜின் கட்டத்திலும் சேராது. நாளைக்கு நீங்கள் ஏ320 பயிற்சி முடித்தாலும் சிமுலேட்டர் மணிகள் தனிக் கட்டத்தில்தான். ஜெட் மணி என்பது நிஜ விமானம் நகர்ந்த பிறகுதான் தொடங்கும். டிஏ42 பயிற்சியில் ஆசிரியர் ஒரு இன்ஜினை அணைத்துக் காட்டியிருப்பாரே, அந்த நிமிடங்களும் மல்டி இன்ஜின்தான்.

விமானம் புறப்படுவதற்காக முதன்முதலில் நகர்ந்த நொடியிலிருந்து, பறந்து முடித்து கடைசியாக நிற்கும் வரைதான் பறப்பு நேரம். ஹாப்ஸ் மீட்டர் காட்டும் இன்ஜின் ஓட்ட நேரமும் இதுவும் ஒன்றல்ல. ஹெலிகாப்டருக்கு இறக்கை சுழல ஆரம்பித்ததிலிருந்து நிற்கும் வரை. அந்த மணிகளை விமான மணிகளோடு ஒரே கட்டத்தில் கலக்கவே கூடாது, அதுவும் டர்பைனாகவே இருந்தாலும்.

எக்செல் விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். பழவந்தாங்கலில் என் வீட்டுக்கு ஒரு பையன் லாக்புக்கோடு வந்தான். கையால் கூட்டியதற்கும் எக்செல் கூட்டியதற்கும் ஏறக்குறைய 20 மணி வித்தியாசம். ராத்திரி தூக்கமே இல்லை என்றான். பக்கம் பக்கமாகப் புரட்டினோம். ஒன்றரை மணி நேரப் பறப்பை எல்லாம் 1.30 என்று தட்டியிருந்தான். எக்செல்லுக்கு 1.30 என்றால் 1 மணி 18 நிமிடம். ஒவ்வொரு பறப்பிலும் 12 நிமிடம் காணாமல் போயிருக்கிறது. அப்படி நூறு பறப்பு என்றால் 20 மணி. 1:30 என்று கோலன் வைத்துப் போடுங்கள், இல்லையென்றால் 1.5 என்று தசமத்தில் போடுங்கள். கூட்டும் கட்டத்தின் வடிவத்தில் மணிக்கான h எழுத்தை [h]:mm என்று சதுர அடைப்புக்குள் வைக்கவும் மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் 24 மணி தாண்டியதும் எண் பூஜ்யத்திலிருந்து திரும்பத் தொடங்கிவிடும்.

லாக்புக்கை ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். தனி எக்செல் தாளில் தேதி, பதிவெண், மாடல், இன்ஜின் எண்ணிக்கை, இன்ஜின் வகை என்று கட்டம் போட்டு எல்லாவற்றையும் ஏற்றுங்கள். 'செஸ்னா' என்று மட்டும் எழுதினால் போதாது. செஸ்னா 172 பிஸ்டன், செஸ்னா 208 கேரவன் ஒற்றை டர்போபிராப். பதிவெண் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் தேடிப் பார்த்துவிடலாம். நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் இ-ஜிசிஏ இணையதளத்தில் நீங்கள் ஏற்றியிருக்கும் பதிவோடும் ஒப்பிடுங்கள். நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கட்டும். மீனம்பாக்கத்தில் காலை 5 மணிக்குக் கிளம்பினால் யுடிசியில் அது முந்தைய நாள் இரவு 11:30. தேதியும் முந்தைய நாளாகத்தான் வரும். ஒப்பிடும்போது இதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.

உங்கள் நண்பர் டிஏ42 மணிகளை டர்பைனில் போட்டு ஏற்கெனவே எங்காவது விண்ணப்பம் அனுப்பியிருந்தால், நேர்காணலுக்கு அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். திருத்திய பட்டியலோடு, எந்த விமானத்தின் எத்தனை மணி இடம் மாறியது என்று இரண்டு வரி எழுதி அவரே இந்த வாரம் அனுப்பிவிடட்டும்.