காப்பி வாட்சின் செராமிக் செயின் ஏன் சீக்கிரம் உடைகிறது? லிங்க் மட்டும் மாற்ற முடியுமா?

கேள்வி கேட்டவர் சொல்வது இதுதான்: ஃபர்ஸ்ட் காப்பி என்று சொல்லி விற்ற கறுப்பு ராடோ ஒன்றை வாங்கியிருக்கிறார். செயின் முழுக்க செராமிக். கடைக்காரர் சாவியால் அழுத்திக் கீறிக் காட்டினாராம், கோடு விழவில்லை. சில மாதத்திலேயே லாக்கை ஒட்டியிருந்த லிங்க் இரண்டாகப் பிளந்துவிட்டது. "அப்போது செராமிக்கே போலியா? லிங்க் மட்டும் மாற்றலாமா?" என்று கேட்கிறார்.

திருச்சியில் வாட்ச் சர்வீஸ் செய்கிறேன். இந்த மாதிரி செயின்கள் என் மேசைக்கு அடிக்கடி வரும். நம் ஊரில் ராடோ மோகம் பெரிது. அந்த நிறுவனத்துக்கே இந்தியா மிகப்பெரிய சந்தைகளில் ஒன்று. அசல் அவ்வளவு விற்கிற இடத்தில் காப்பியும் விற்கத்தானே செய்யும்.

உங்கள் செராமிக் பெரும்பாலும் உண்மையான செராமிக்தான். லிங்குகளைக் கோக்கும் பின் (சின்ன உலோகக் கம்பி) போகிற ஓட்டையில்தான் அது தோற்றிருக்கும்.

முதலில் அந்தச் சாவி வித்தையைப் பார்த்துவிடலாம். வாட்சில் வரும் செராமிக் என்பது சிர்கோனியா, அதாவது சிர்கோனியம் ஆக்சைடு. பல் டாக்டர்கள் 'சிர்கோனியா கேப்' என்று போடுவதும் இதே குடும்பம்தான். விக்கர்ஸ் அளவில் இதன் கடினம் 1200-க்கு மேல். வாட்சுக்குப் பயன்படும் 316எல் ஸ்டீல் 200-ஐ ஒட்டித்தான் நிற்கும். சாவி பித்தளை, அது இன்னும் மெத்து. ஆக, எந்த மட்டமான சிர்கோனியாவும் சாவிச் சோதனையில் ஜெயித்துவிடும். கீறல் விழாது என்பதைத் தவிர அந்தச் சோதனை வேறெதையும் காட்டுவதில்லை. ஒரு விரிசல் தொடங்கினால் அது பரவாமல் தடுக்கும் திறனில் ஸ்டீல் சிர்கோனியாவைவிடப் பத்து மடங்குக்கும் மேல். ஸ்டீல் லிங்க் கிரானைட் தரையில் விழுந்தால் நசுங்கும், கோணும், தட்டி நிமிர்த்திவிடலாம். செராமிக் கோணாது. ஒன்று அப்படியே இருக்கும், இல்லையென்றால் உடைந்திருக்கும்.

இத்தனைக்கும் செராமிக் வகைகளில் சிர்கோனியா ரொம்பத் தாங்கும் ஜாதி. சுத்தமான சிர்கோனியாவைச் சூளையில் சுட்டு ஆறவிட்டால் படிக அமைப்பு மாறி, வீங்கி, தானே வெடித்துப்போகும். அதில் கொஞ்சம் இட்ரியம் ஆக்சைடு சேர்த்தால் அந்த மாற்றம் நடக்காமல் நிற்கும். பிற்பாடு எங்காவது விரிசல் தலைகாட்டினால், அதன் முனையைச் சுற்றியுள்ள படிகங்கள் அப்போது மாறி, நூற்றுக்கு நான்கு பங்கு அளவு வீங்கி, விரிசலை நெருக்கி மூடப் பார்க்கும். 1975-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிர்கோனியாவின் இந்தக் குணத்தைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு 'செராமிக் எஃகு?' என்று கேள்விக்குறியோடுதான் தலைப்பு வைத்தார்கள். அந்தக் கேள்விக்குறி இன்னும் தேவைப்படுகிறது என்பது என் அபிப்பிராயம்.

ராடோ 1986-இல் இன்டெக்ரல் மாடலில் செராமிக் செயினைக் கொண்டுவந்தது. 2000-இல் ஷனெல் நிறுவனத்தின் ஜே12 செராமிக் வாட்ச் வந்த பிறகுதான் இது ஃபேஷன் ஆனது. 2017-இல் ஓடெமார் பிகே என்ற ஸ்விஸ் வாட்ச் நிறுவனம், ராயல் ஓக் காலண்டர் மாடல் ஒன்றை முழுக் கறுப்பு செராமிக்கில் விட்டது. ஸ்டீல் செயினை முடிக்க 6 மணி நேரம் ஆகும் இடத்தில் செராமிக் செயினுக்கு 30 மணி நேரம் ஆகிறது என்று அந்த நிறுவனமே சொன்னது. விளம்பரத்துக்காகச் சொன்ன கணக்காக இருக்கலாம். ஆனாலும் அதில் விஷயம் இருக்கிறது.

செராமிக் லிங்க் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் அது புரியும். சிர்கோனியா பொடியைப் பிசினோடு கலந்து அச்சில் செலுத்துவார்கள். பிறகு பிசினை மெதுவாக வெளியேற்ற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே நுண்ணிய துளைகளும் வெடிப்புகளும் தங்கிவிடும். அப்புறம் 1400, 1500 டிகிரியில் சுடுவார்கள். அப்போது ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். அந்தச் சுருக்கம் இம்மி மாறினாலும் பின் ஓட்டையின் அளவு மாறிவிடும். சுட்டு முடித்த பின் வைரத் தூள் பதித்த கருவியால் மட்டுமே அதைத் தேய்க்க முடியும். முப்பது மணி நேரம் இங்கேதான் போகிறது.

காப்பி போடுகிறவர்களுக்கு இப்போது பொடிக்கோ சூளைக்கோ பஞ்சமில்லை. ஃபைபர் கேபிள் இணைப்பின் நுனிக் குழல், பல் கேப், செல்போன் பின்மூடி எல்லாவற்றுக்கும் சீனாவில் சிர்கோனியா சுடுகிறார்கள். ஷியோமி 2016-லேயே மி மிக்ஸ் போனைச் செராமிக் உடம்போடு விட்டது. அதனால் பொருள் அசலாகவே வந்துவிடுகிறது. வராதது அந்த மணி நேரம். செயினின் வெளிப்பக்கம் பளபளவென்று இருக்கும், வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிவது அதுதானே. ஓட்டையின் உட்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. உடைந்த துண்டை, நாங்கள் கண்ணில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி லென்ஸில் பார்த்தால், ஓட்டையின் விளிம்பு பல் பல்லாகப் பெயர்ந்து கிடக்கும். விரிசல் கிளம்பியது அந்தப் பல்லில் ஒன்றிலிருந்து என்பது பல சமயம் அப்படியே தெரியும்.

அடுத்தது பின். பின் நழுவாமல் இருக்க எங்காவது இறுக்கம் வேண்டும். ஒழுங்காக வடிவமைத்த செயினில் அந்த இறுக்கத்தைச் சின்ன உலோகக் குழலோ திருகோ ஏற்றுக்கொள்ளும், செராமிக்கின் மேல் சுமை விழாது. காப்பியில் ஓட்டையைவிடத் துளி பருமனான பின்னை நேரே செராமிக்கில் அடித்து இறக்கியிருப்பார்கள். அப்படி இறங்கிய பின், நீங்கள் தூங்கும்போதும் அந்த ஓட்டையை உள்ளிருந்து விரித்துக்கொண்டே இருக்கிறது. செராமிக் அமுக்கத்தை அபாரமாகத் தாங்கும், விரிவதைத் தாங்காது. இந்த நிலையில் வாஷ்பேசின் விளிம்பில் லேசாக இடித்தால் போதும். "ஒன்றுமே படவில்லை சார், தானா உடைஞ்சுது" என்று வருகிறவர்களை நான் நம்புகிறேன்.

அதற்கு முன்பே, செயினைக் கை அளவுக்குக் குறைக்கும்போதே உயிர் போன லிங்குகளும் உண்டு. ஸ்டீல் செயினுக்குச் செய்வதுபோல மரக்கட்டை மேல் வைத்து, பஞ்ச் வைத்து, சுத்தியலால் ஒரு தட்டு. செராமிக்கை அப்படித் தட்டவே கூடாது. லிங்குக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, திருகு வைத்த கருவியால் மெதுவாகத் தள்ள வேண்டும். பின் எந்தப் பக்கம் வெளியே வரும் என்று காட்ட செயினின் உட்புறம் அம்புக்குறி இருக்கும். காப்பிகளில் அந்த அம்பு அலங்காரத்துக்குப் போட்டது மாதிரி எதிர்த் திசையைக் காட்டுவதும் உண்டு. அதை நம்பி அடித்தால் முடிந்தது. அன்றைக்கே உடையாது, கண்ணுக்குத் தெரியாத கீறல் உள்ளே தங்கும். மூன்று மாதம் கழித்துப் பிளக்கும்போது யாருக்கும் அந்தச் சுத்தியல் ஞாபகம் இருக்காது. உங்கள் லிங்க் லாக்கை ஒட்டியது என்கிறீர்கள். குறைக்கும்போது பெரும்பாலும் கை வைப்பது அந்தப் பக்கம்தான் என்பதால் எனக்கு இந்தச் சந்தேகம் பலமாக இருக்கிறது.

விழாமல் இடிக்காமல் பத்திரமாக வைத்திருந்தாலும் தேய்மானம் வரும். கடினமான, மெருகேற்றாத ஓட்டைக்குள் மெத்தான ஸ்டீல் பின் நாள் முழுக்க அசைகிறது. வியர்வை உப்பும் தூசியும் சேர்ந்தால் அதுவே அரைக்கும் பசை. பழைய பின்னை வெளியே எடுத்தால் நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். செயின் தொங்க ஆரம்பிக்கும், லிங்குகள் ஒன்றோடொன்று தட்டி ஓரம் சில்லு சில்லாகப் பெயரும். பின் மட்ட ஸ்டீலாக இருந்தால் துருவும் சேரும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால் ஓட்டைக்கு அது இன்னொரு நெருக்கடி. பட்டர்ஃபிளை லாக்கின் கறுப்புப் பூச்சு போவதெல்லாம் சின்ன விஷயம், பார்க்க அசிங்கம் அவ்வளவே.

வியர்வை செராமிக்கையே அரிக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். ஈரத்தில் சிர்கோனியா மெதுவாக முதுமை அடையும் என்பது உண்மைதான். 2001-இல் செயற்கை இடுப்பு மூட்டின் சிர்கோனியா பந்துகள் சில உடம்புக்குள்ளேயே உடைந்து பெரிய பிரச்சினை ஆனது. செய்தவர்கள் சுடும் உலையை மாற்றியதில் போன கோளாறு அது. மருத்துவத் தரத்துக்கே அந்தக் கதி. ஆனால் கையில் கட்டும் செயின் இதனால் சில மாதத்தில் உடையாது.

சிலருக்குக் கிடைத்திருப்பது செராமிக்கே இல்லை என்பதும் நடக்கிறது. கறுப்புப் பூச்சுப் போட்ட ஸ்டீல், அல்லது ஸ்டீல் லிங்க் மேல் பசை போட்டு ஒட்டிய மெல்லிய செராமிக் தகடு, ரொம்ப மலிவு என்றால் பிளாஸ்டிக். காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். செராமிக் காந்தத்தில் ஒட்டாது, 316எல் ஸ்டீலும் ஏறக்குறைய ஒட்டாது. மல்டிமீட்டர் கொஞ்சம் உதவும். லிங்கின் தேய்ந்த ஓரத்திலும் ஓட்டையின் உட்பக்கத்திலும் முனைகளை வைத்தால் ஸ்டீல் பீப் அடிக்கும், சிர்கோனியா மின்சாரம் கடத்தாது. எடையும் ஒரு குறிப்பு தரும். ஒரு கன சென்டிமீட்டர் சிர்கோனியா 6 கிராம், ஸ்டீல் 8 கிராம், பிளாஸ்டிக் ஒன்றரைகூட இருக்காது. காலையில் கட்டும்போது ஸ்டீல் மாதிரி சில்லென்று இருக்காமல் சட்டென்று உடம்புச் சூட்டுக்கு வந்தால் அதுவும் செராமிக்குக்கு நல்ல அறிகுறி. வெள்ளைச் செயினில் சாம்பல் கோடு விழுந்தால் பயப்பட வேண்டாம், அது கீறல் இல்லை, வேறு உலோகம் தேய்ந்து ஒட்டியது. பென்சில் அழிப்பான் போதும்.

அசலும் உடையும், அதையும் சொல்லவேண்டும். உயரத்திலிருந்து டைல்ஸ் தரையில் விழுந்த அசல் ராடோ லிங்குகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே லிங்குக்கு ஸ்பேர் உண்டு, காசு கொடுத்தால் வரும். காப்பிக்கு வராது. ஒரே மாடல் என்று விற்கும் இரண்டு காப்பிகளின் லிங்குகள்கூட ஒன்றோடொன்று சேராது, முன்னே சொன்ன சுருக்கம்தான் காரணம். கம்பெனி சர்வீஸ் சென்டர் காப்பியைத் தொடாது. விற்றவரிடம் கேட்டால் வேறு வாட்ச் காட்டுவார். டிரேட் மார்க் சட்டம் 1999-இன்படி போலி முத்திரையோடு விற்பது குற்றம், தண்டனை ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை. பில்லே இல்லாமல் விற்கிறவரிடம் வாரண்டியை எப்படிக் கேட்பது?

சரி, உங்கள் வாட்சை என்ன செய்யலாம்? செயினைக் குறைத்தபோது எடுத்த லிங்குகள் வீட்டில் இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அதையே போடலாம், ஓட்டை விளிம்பில் சில்லு இல்லை என்று லென்ஸில் பார்த்த பிறகு. கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் போய்க் கேளுங்கள், பலர் டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள். கிடைக்காவிட்டால், கை மெலிந்தவராக இருந்தால், உடைந்ததை எடுத்துவிட்டு ஒரு லிங்க் குறைவாகக் கட்டலாம். ஃபெவிக்விக்கோ அரால்டைட்டோ போட்டு ஒட்டச் சொல்லாதீர்கள். ஓட்டையைச் சுற்றியுள்ள மெல்லிய சுவரில் ஒட்டுக்குப் பிடிக்க இடமே கிடையாது, கட்டி லாக்கை அழுத்தும்போதே விட்டுவிடும். வாட்ச் கீழே விழுந்தால் கண்ணாடியும் சேர்ந்து போகும்.

இதெல்லாம் சரிவராவிட்டால் செயினைக் கழற்றிவிட்டு ரப்பர் அல்லது தோல் ஸ்ட்ராப். அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. கேஸில், அதாவது வாட்சின் உடம்பில், ஸ்ட்ராப் மாட்டும் இரண்டு காதுகளுக்கு நடுவே நேரான இடைவெளியும் சாதாரண ஸ்பிரிங் பாரும் (ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்பி) இருக்கவேண்டும். வெர்னியரில் அளந்து 18, 20, 22 மில்லிமீட்டர் என்று வந்தால் எந்தக் கடையிலும் ஸ்ட்ராப் கிடைக்கும். கேஸோடு சேர்ந்தாற்போல் வார்த்த செயின், அதாவது ராயல் ஓக் பாணி அல்லது சில ராடோ மாடல்கள் என்றால் சாதாரண ஸ்ட்ராப் உட்காராது. அப்போது அந்த மாடலுக்கென்றே செய்த ரப்பர் ஸ்ட்ராப் ஆன்லைனில் தேடவேண்டியதுதான். ஆர்டர் போடும் முன் கேஸ் பக்கத்து அகலத்தோடு ஸ்குரூ ஓட்டைக்கும் ஓட்டைக்கும் உள்ள தூரத்தையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள், அசலின் அளவைப் போட்டு வாங்கினால் காப்பியில் பொருந்தும் என்று சொல்லமுடியாது.