தேய்த்துவிட்டு விலை கேட்காதீர்கள்

மயிலாப்பூர் வாசகி: தாத்தா பெட்டியில் 1862 விக்டோரியா ரூபாய் கிடைத்தது. 160 வருடப் பழசு. லட்சம் போகுமா?

போகாது. பழசு வேறு, அரிது வேறு. அந்த ஒரே வருடத்தைப் போட்டு 1874 வரை அடித்துத் தள்ளினார்கள். தேய்ந்ததென்றால் வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும், அவ்வளவுதான். பின்பக்கச் சின்னப் புள்ளிகளை லென்ஸ் வைத்து எண்ணுங்கள். சில புள்ளி வகைகளுக்கு மட்டும் தனி மவுசு.

பெரம்பூர் வாசகர்: 1911 ரூபாய்க்கு ஏன் அவ்வளவு விலை?

காசில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி தெரிந்ததால் எதிர்ப்பு கிளம்பியது. 90 லட்சத்துக்கு மேல் அடித்து, ஏழு லட்சம் போல வெளியே விட்டதும் நிறுத்தி, மீதியை உருக்கிவிட்டார்கள். ஆனால் யானையே தெரியாமல் தேய்ந்திருந்தால் பெரிய விலையை மறந்துவிடுங்கள்.

வேளச்சேரி வாசகர்: பாட்டி வைத்திருந்த ராஜராஜன் செப்புக்காசு கறுத்திருந்தது. புளி, விபூதி போட்டுப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். என்ன பெறும்?

ஆக்கிய பிறகா கேட்பது? காசென்ன குத்துவிளக்கா? ஆயிரம் வருடமாகப் படிந்த அந்தக் கருமைக்குத்தான் சேகரிப்பவர்கள் காசு கொடுக்கிறார்கள். போன மாதம் ஒருவர் 1835 கிழக்கிந்தியக் கம்பெனி கால் அணா கொண்டுவந்தார். ஓரமெல்லாம் அருமையான சாக்லேட் நிறம். நடுவில் மட்டும் பாத்திரப் பவுடர் தேய்த்த ரோஜா நிறம். லென்ஸில் பார்த்தால் மயிரிழைக் கீறல்கள், சிங்கத்தின் முகமே மழுங்கிவிட்டது. "கொஞ்சம்தான் சார் தேய்த்தேன்" என்கிறார்! அந்தக் கொஞ்சத்தில் பாதி விலை போய்விட்டது. மண் ஒட்டியிருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டு ஒற்றியெடுங்கள். புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம். உங்கள் ராஜராஜன் காசு அரிதும் இல்லை. நாகரி எழுத்து முழுதாகத் தெரிந்திருந்தால் சில நூறு கிடைத்திருக்கும்.

ஆவடி வாசகர்: வைஷ்ணவ தேவி படம் போட்ட காசுக்குப் பத்து லட்சம் தருகிறார்களாமே?

யாராவது வாங்கியதைப் பார்த்தீர்களா? முன்பணம், கமிஷன் என்று பேச்செடுத்தால் போனை வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தாயிற்று.

தாம்பரம் வாசகர்: 1818 அனுமார் கம்பெனி காசு. அரிசியை இழுக்கும் என்கிறார் விற்பவர்.

கம்பெனி அப்படியொரு காசே அடிக்கவில்லை. அரிசியைச் சோறாக்கிச் சாப்பிடுங்கள்.

போரூர் வாசகி: வெள்ளிக் காசின் படம் அனுப்பியிருக்கிறேன். விலை சொல்லவும்.

மங்கலான படம், பின்பக்கம் இல்லை, எடை இல்லை. மேலோரத்தில் தெரிவது காசுமாலைக்கு வளையம் பற்றவைத்த தழும்பு மாதிரி இருக்கிறது. அப்படியென்றால் வெள்ளி விலைதான். இரண்டு பக்கமும் வெயிலில் படமெடுத்து, எடையோடு அனுப்புங்கள். தேய்க்காமல்.