ஆண்டீட்டம் போர்ப் படம் அசல்தானா?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறேன். இங்கே ஒரு பழம்பொருள் கடையில் நியூயார்க்கில் படங்கள் அச்சிட்டு விற்ற கரியர் அண்ட் ஐவ்ஸ் நிறுவனத்தின் ஆண்டீட்டம் போர்ப் படம் (அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862-ல் நடந்த சண்டை) விலைக்கு இருக்கிறது. 1862-ல் அச்சாகி, கையால் வண்ணம் தீட்டியது என்கிறார்கள். அசலா என்று எப்படிப் பார்ப்பது? பழுப்புக் கறையைக் கழுவலாமா?

பதில்: படத்தின் அடியில் உள்ள ஆண்டையும் நியூயார்க் முகவரியையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மறுபதிப்புகளிலும் அந்த வரிகள் அப்படியே இருக்கும். சட்டத்திலிருந்து கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்க வேண்டாம்.

10 மடங்கு லென்ஸை முதலில் வானத்தின் மேல் வையுங்கள். இந்தப் படங்கள் கல்லச்சில், அதாவது கல்லின்மேல் வரைந்து அச்சிடும் லித்தோகிராஃப் முறையில், வந்தவை. அதில் கறுப்பு, கிரேயானால் தேய்த்ததுபோல ஒழுங்கில்லாத பொடி மணிகளாகத் தெரியும். அதன்மேல் நீர்வண்ணம் புள்ளியே இல்லாமல் படிந்து, சிப்பாய்களின் உடைக்கோட்டைத் தாண்டி அங்கங்கே வழிந்திருக்கும். ஒரு பெண் ஒரு நிறம் என்று வரிசையாக உட்கார்ந்து வேகமாகத் தீட்டியதால் வந்த வழிசல் அது, குறையல்ல. வரிசை பிசகாத புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட் (பிற்கால இயந்திர அச்சு) நகல்.

தாள் சுரண்டுபட்ட இடத்தையும் பாருங்கள். பழைய வண்ணம் தாளோடு சேர்ந்தே உரிந்திருக்கும். சுரண்டலுக்குள்ளும் நிறம் இருந்தால் பின்னால் யாரோ பூசியது. புற ஊதா டார்ச்சில் தாள் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் 1950-க்குப் பிந்தைய காகிதம். ஒளிராததாலேயே அசல் என்று ஆகிவிடாது; 1930-களிலேயே காலண்டர் மறுபதிப்புகள் வந்துவிட்டன.

இதே போரை சிகாகோவின் குர்ஸ் அண்ட் அலிசனும் 1888 வாக்கில் வெளியிட்டது. அதில் ஒவ்வொரு நிறமும் தனித்தனிக் கல்லில் அச்சானது. போலியல்ல, ஆனால் கையால் தீட்டியதும் அல்ல.

வீட்டில் கழுவவே கூடாது. நீர்வண்ணம் கரையும், அடர்ந்த இடங்களில் பூசிய பிசினும் போய்விடும். சில சென்டுக்கு விற்ற படங்கள் என்பதால் வெறும் மரப்பலகையை முதுகில் வைத்து மாட்டினார்கள். பலகையின் அமிலம்தான் பெரும்பாலும் அந்தப் பழுப்பு. பலகையை எடுத்துவிட்டாலே மேலும் பரவுவது குறையும்; கறையைக் காகிதப் பராமரிப்பு வல்லுநரிடம் விடுங்கள். ஓரத்தை வெட்டினால் விலை விழும், ஆகவே தாளைச் சட்டத்துக்காக நறுக்காதீர்கள். பருத்தி மேட் போர்டில் (படத்தைத் தாங்கும் அட்டை), மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியத் தாள் கீற்று இரண்டைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டித் தொங்கவிடுங்கள். செலோடேப் கூடாது. புற ஊதா தடுக்கும் கண்ணாடி, அது படத்தில் படாத இடைவெளி, வெயில் படாத சுவர், இவை போதும்.