ஸ்லோ ஷட்டர்ல எடுத்தா ஏன் ‘ஷேக் ஆயிடுச்சு’ன்னு சொல்றாங்க?

கேள்வி: கல்யாணம், கப்புள் ஷூட் எடுக்கிறேன். வேணும்னே மோஷன் ப்ளர் (நகர்றது கலங்கலா பதியறது) வரட்டும்னு ஷட்டர் ஸ்பீடை 1/30, 1/40 செகண்ட்ல வெச்சு எடுத்துப் பார்த்தேன். கஸ்டமர் பார்த்துட்டு ‘ஷேக் ஆயிடுச்சே’ங்கிறாங்க. எந்த ஸ்பீட்ல வைக்கணும்? வெயில்ல எடுத்தா ஒரே வெள்ளையா வேற ஆயிடுது.

பதில்: ப்ளர் ஜாஸ்தியாகி உங்க படம் கெடல, பத்தாமதான் கெட்டிருக்கு. சும்மா கணக்கு போட்டுப் பாருங்க, சாதாரணமா நடக்கிற ஆள் ஒரு செகண்டுக்கு ஒரு மீட்டருக்கு கொஞ்சம் மேல போவாங்க, கேமராவுக்கு குறுக்கால நடந்தா 1/40ல கிட்டத்தட்ட மூணு சென்டிமீட்டர் நகர்ந்திருப்பாங்க. அதுல கண்ணு மட்டும் ரெட்டையா விழுந்து மத்தது எல்லாம் ஓரளவு தெளிவா இருக்கும், பாக்கிறவங்களுக்கு உங்க கை ஆடிடுச்சுன்னுதான் தோணும். 1/8க்கு இறங்குனா நகர்ற தூரம் பதினஞ்சு சென்டிமீட்டர், ஒரு முகத்தோட அகலம். இப்ப இது வேணும்னே பண்ணதுன்னு யாருக்கும் புரியும், ஆனா முகமும் சேர்ந்து போயிடும். அதனால ஸ்பீட் எவ்ளோன்னு கேக்கிறதுக்கு முன்னாடி, படத்துல எது தெளிவா நிக்கணும் எது கலங்கி ஓடணும்னு முடிவு பண்ணுங்க.

ரொம்ப ஈஸியானது, ஜோடி நிக்கட்டும், சுத்தி இருக்கிறவங்க ஓடட்டும். ட்ரைபாட்ல கேமராவை வெச்சு 1/2 செகண்ட். நெத்தியோட நெத்தி ஒட்டிக்கிட்டு ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சு நிக்கச் சொல்லுங்க, தனித்தனியா நின்னா தானா ஆடுவாங்க. ‘ஆடாதீங்க’ன்னு சொன்னா விறைச்சுப் போயிடுவாங்க, ‘மூச்சை மெதுவா விடுங்க’ன்னு சொல்லிட்டு அந்த நேரத்துல அழுத்துங்க.

நடக்கிற ஜோடிக்கு பேனிங், அதாவது அவங்க போற வேகத்துக்கே கேமராவையும் கூடவே திருப்பி எடுக்கிறது. 1/15ல ஆரம்பிங்க, இடுப்புல இருந்து திரும்பணும், கிளிக் ஆன பிறகும் கேமராவை நிறுத்தாம கூடவே போகணும். நிறைய பேர் கோட்டை விடுற இடம் ஒண்ணு இருக்கு, கிட்ட நின்னு வைடு லென்ஸ்ல பேன் பண்ணா, உங்க பக்கம் நடக்கிறவர் வேகமாவும் அந்தப் பக்கம் நடக்கிறவர் மெதுவாவும் ஃபிரேமைக் கடப்பாங்க, ஒருத்தர் முகம் நிக்கும் இன்னொருத்தர் முகம் கலங்கும். தள்ளி நின்னு 85 எம்எம் மாதிரி லென்ஸ்ல எடுங்க, வித்தியாசம் குறையும். லென்ஸ்ல ஸ்டெபிலைசேஷனுக்கு (கை ஆட்டத்தைக் குறைக்கிற வசதி) பேனிங் மோட் இருந்தா அதைப் போட்டுக்கோங்க. பர்ஸ்ட்ல, அதாவது விடாம தொடர்ச்சியா எடுங்க, நிறைய வேஸ்ட் ஆகும், அது அப்படித்தான்.

டான்ஸுக்கு ஃப்ளாஷ் இல்லாம வேலைக்கு ஆகாது. கம்மி பவர்ல ஃப்ளாஷ் எரியிறது 1/1000 செகண்டை விட குறைவான நேரம்தான், அதனால முகத்தை அதுவே நிறுத்திடும், மீதி நேரம் ஷட்டர் திறந்திருக்கிறதுல லைட்டெல்லாம் கோடு கோடா இழுக்கும். 1/10 பக்கம் வெச்சு, ஹால் வெளிச்சம் ஒண்ணு ஒன்றரை ஸ்டாப் அண்டரா விழுற மாதிரி (ஒரு ஸ்டாப் குறைஞ்சா வெளிச்சம் பாதி) ஐஎஸ்ஓவையும் அப்பர்ச்சரையும் (லென்ஸ் ஓட்டையோட அளவு, எஃப் நம்பர்) செட் பண்ணுங்க. இப்பவும் முகம் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியுதுன்னா ஃப்ளாஷைக் குறை சொல்லாதீங்க, பின்னாடி பாருங்க. ஜோடி நகர்ந்ததும், முன்னாடி முகம் இருந்த இடத்துல பின்னாடி இருக்கிற எல்இடி ஸ்க்ரீனோ சீரியல் லைட்டோ வந்து பதிஞ்சிடுது, முகத்தை அது தின்னுடுது. நீங்க ரெண்டு அடி நகர்ந்து முகத்துக்குப் பின்னாடி இருட்டா ஒரு சுவரு, கர்ட்டன் வர்ற மாதிரி நின்னாலே பாதிப் பிரச்சனை தீர்ந்துச்சு. ரியர் கர்ட்டன் சிங்க் (ஷட்டர் மூடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஃப்ளாஷ் எரியிறது) போட்டா, ஆள் எந்தப் பக்கம் போறாரோ அதுக்குப் பின்பக்கமா இழுப்பு விழும், இயல்பா இருக்கும். ஆனா அதோட டிடிஎல்லும் (ஃப்ளாஷ் பவரை கேமராவே முடிவு பண்றது) போட்டு 1/2 செகண்ட்னு போனா அளவு பார்க்க முதல்ல ஒரு ப்ரீஃப்ளாஷ் வெட்டும், போட்டோ முடிஞ்சதுன்னு நெனச்சு திரும்பிடுவாங்க, மேனுவல்லயே வைங்க. எலக்ட்ரானிக் ஷட்டர்ல நிறைய கேமராவுல ஃப்ளாஷே எரியாது, அதையும் பார்த்துக்கோங்க.

வெயில் விஷயம் சிம்பிள். நல்ல வெயில்ல ஐஎஸ்ஓ 100, எஃப் 8 வெச்சா 1/500 பக்கம் வரும், 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கிற கண்ணாடி) மாட்டுனா 1/8க்கு வந்துடலாம். நிழல்னா 3 ஸ்டாப் போதும். ஃபில்டர் வாங்காம எஃப் 22க்கு இறக்குறது எனக்குப் பிடிக்காது, லென்ஸ் ஓட்டை ரொம்ப சின்னதாகி, டிஃப்ராக்‌ஷன்ல நிக்க வேண்டியதும் மழுங்கிடும், சென்சார்ல இருக்கிற தூசியெல்லாம் புள்ளி புள்ளியா தெரியும்.

மோதிரம் மாத்துறது, தாலி கட்டுறது மாதிரி ஒரே தடவை நடக்கிறதுல இதைத் தொடாதீங்க, அங்க ஷார்ப்பா எடுத்து முடிச்சிட்டு அப்புறம் விளையாடுங்க. புக்கிங் பேசும்போதே இந்த மாதிரி ரெண்டு மூணு படம் காட்டிடுங்க, அவங்க முகம் எப்படிப் போகுதுன்னு வெச்சே வேணுமா வேண்டாமான்னு தெரிஞ்சிடும். ஆல்பத்துல வைக்கும்போது அதே தருணத்தோட ஷார்ப் படத்துக்குப் பக்கத்துல வைங்க, தனியா நடுவுல ஒண்ணு மட்டும் வந்தா மறுபடியும் அந்த ‘ஷேக் ஆயிடுச்சே’ ஃபோன் வரும்.