பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சி இருந்ததாம். அதை நடத்திய கோமாளியையும் டீச்சரையும் அறுபது வயதுக்காரர்கள் இன்றும் நினைத்துப் பேசுகிறார்கள். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் நமக்கு அப்படி யாராவது இருந்தார்களா? நான் பார்த்து வளர்ந்தது சிங்களக் கார்ட்டூனும், பிறகு சென்னைச் சேனல்களும்தான்.

சு., தலவாக்கலை

அன்புள்ள சு.,

தொலைக்காட்சியில் இல்லை. வானொலியில் இருந்தார்கள்.

நீங்கள் சொல்லும் நிகழ்ச்சிகளில் 'ரொம்பர் ரூம்' என்று ஒன்று, 1953இல் பால்டிமோரில் தொடங்கியது. பிறகு மற்ற ஊர் நிலையங்களும் அதை உரிமை வாங்கி, தங்கள் ஊர்ப் பெண் ஒருவரையே டீச்சராக உட்கார வைத்தன. முடிகிற நேரத்தில் டீச்சர் ஒரு மாயக் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்து, வீட்டிலிருக்கும் பிள்ளைகளைப் பார்ப்பதுபோலப் பெயர்களைச் சொல்வார். நிகழ்ச்சி நடத்துபவரே பிள்ளைகளிடம் பொருள் விற்கக் கூடாது என்று 1974இல் அங்கே கட்டுப்பாடு வந்தது. சரியான கட்டுப்பாடுதான். ஆனால் விளம்பரக் காசில் ஓடிய பல ஊர் நிகழ்ச்சிகளுக்கு அதுவும் ஓர் அடியாக விழுந்தது.

அந்தக் கண்ணாடியைப் பற்றிப் படித்தபோது எனக்கு இலங்கை வானொலியின் பிறந்தநாள் வாழ்த்துதான் ஞாபகம் வந்தது. தங்கைக்கு ஏழு வயது ஆனபோது அப்பா டவுனிலிருந்து அஞ்சலட்டை வாங்கி வந்தார். தோட்டத்தின் பெயர், மேற்பிரிவு, அம்மா, அப்பா, அம்மாயி, சித்தப்பா என்று இடம் தீரும்வரை எழுதினேன். அன்று காலை இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, கூடையை முதுகில் மாட்டிய அம்மா, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகாமல் வாசலிலேயே நின்றார். தங்கையின் பெயரும் எங்கள் தோட்டத்தின் பெயரும் பிசகில்லாமல் வந்தன. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தங்கையின் தலையைத் தடவிவிட்டு ஓடினார். எங்களுக்கு வரும் கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசில் கிடந்து, கிளாக்கர் ஐயா கொடுக்கும் நாளில்தான் கைக்கு வரும். வானொலி நேராக எங்கள் லயத்து வரிசை வீட்டில் ஓர் அறையான காம்பராவுக்கே வந்தது.

சிறுவர் நிகழ்ச்சியும் இருந்தது, அதற்கொரு மாமாவும் இருந்தார். பின்னாளில் புகழ்பெற்ற அறிவிப்பாளரான பி. எச். அப்துல் ஹமீத் சிறுவனாக வானொலிக்குள் வந்தது அப்படியொரு நிகழ்ச்சி வழியாகத்தான். ஆனால் அது கொழும்பில் நடந்தது. கொழுந்து பறிப்பவரின் பிள்ளை ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கோச்சி (ரயில்) ஏறி அங்கே போய்ப் பாட முடியுமா?

அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் தொடங்கியது. அதன் கோபுரம் எங்கள் பிதுருதாலகாலை மலையில், 2524 மீட்டர் உயரத்தில். அலை எங்கள் தலைக்கு மேலிருந்து நாடெங்கும் போனது, லயத்தில் கரண்ட் இல்லை. கார் பேட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்றின் முன்னால் பதினொரு பிள்ளைகள் உட்காருவோம். சிங்களத் திரைப்பட இயக்குநர் டைட்டஸ் தொடவத்தவின் குழு பக்ஸ் பன்னியை 'ஹா ஹா ஹரி ஹாவா' என்று சிங்களமாக்கியதை உங்கள் வயதுக்காரர்களும் பார்த்திருப்பீர்கள். அது அருமையான வேலை. அதே அக்கறையோடு தமிழிலும் ஒரு முயலைப் பேச வைத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. தமிழ்ச் சேனல்களான சக்தி 1998இலும் வசந்தம் 2009இலும் வந்தபோது நாங்கள் பிள்ளைகள் இல்லை.

அப்புறம் ஒருவரைச் சொல்ல வேண்டும். கடைசிக் காம்பரா அக்கா. கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்து சிங்களம் பழகி வந்தவர். பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கார்ட்டூன் பூனை வாயைத் திறக்குமுன் தமிழில் பேசிவிடுவார். அவருடைய பூனை எங்கள் பேச்சுத்தான் பேசும், கங்காணிக்குப் பயப்படும். பேட்டரி இறங்கிப் படம் சுருங்கி ஒரு புள்ளியாகிப் போனாலும் அவர் கதையை நிறுத்தமாட்டார். யாராவது தூங்கி விழுந்தால், "பூனை உன்னைத்தான் தேடுது" என்று அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்வார். உங்கள் கேள்விக்கு என் பதில் அவர்தான்.

மலையகத் தமிழரில் யார் இந்தியா போவது, யார் இலங்கையில் இருப்பது என்று 1964இல் பிரித்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அக்காவின் குடும்பத்துக்கு இந்தியா விழுந்திருந்தது. 1983இல் புறப்பட்டார்கள். ஹட்டனில் கோச்சி நகரத் தொடங்கியதும் அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் பதினொரு பேரின் பெயரையும் வரிசையாகச் சொன்னார். தங்கையின் பெயர் கடைசியாக வந்தது.