டீசல் போட உள்ளே போய்விடலாம், வெளியே வர முடியுமா?

பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் ஹிட்ச் பொருத்தி, அதில் மாட்டி இழுக்கும் வீட்டு டிரெய்லரை அமெரிக்காவில் ஃபிஃப்த் வீல் என்கிறார்கள். எங்களுடையது வண்டியோடு சேர்த்து ஐம்பது அடியைத் தாண்டும். ஒன்பது ஆண்டுகளாக நானும் மனைவியும் அதை இழுத்துக்கொண்டு திரிகிறோம். டீசல் பற்றி வந்த கேள்விகளுக்கு, தெரிந்த அளவில் பதில்.

டேங்க் 36 கேலன். டாஷ்போர்டு 600 மைல் போகலாம் என்கிறது. எங்கே நிறுத்துவது?

அந்த எண் டிரெய்லர் இல்லாமல் ஓட்டிய நாட்களின் சராசரி, இப்போது அதை மறந்துவிடுங்கள். டிரெய்லரோடு கேலனுக்கு 10 மைல் கிடைத்தால் நல்லது, எதிர்க்காற்றில் 8 ஆகிவிடும். கால் டேங்கைத் தொடக்கூடாது என்று வைத்துக்கொண்டால் கைக்கு வருவது 27 கேலன். எட்டால் பெருக்கினால் 216 மைல். நான் 200 மைலுக்கு ஒரு பங்க் குறித்துக்கொண்டு, அதற்கு முன்னால் இன்னொன்றை மாற்றாக வைத்துக்கொள்வேன். வயோமிங்கில் ஐ-80 நெடுஞ்சாலை வழியாக ராலின்ஸ், லாரமி பக்கம் போகிறவர்கள் காற்றுக்காக இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

செயலியில் பார்த்தால் ஊருக்குள் கேலனுக்கு 10 சென்ட் குறைவு. போகலாமா அண்ணா?

27 கேலனுக்கு இரண்டு டாலர் எழுபது சென்ட் மிச்சம். இதற்காகத்தான் நானும் ஒருமுறை கான்சாஸில் ஒரு சிற்றூர்ப் பங்குக்குள் நுழைந்தேன். பம்புகள் கடை வாசலைப் பார்த்தபடி இருந்தன. டேங்க் நிறைந்த பிறகுதான் எதிரே என்ன இருக்கிறது என்று பார்த்தேன்: ஐஸ் பெட்டி, அதன் பின்னால் சுவர். இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் சக்கரம் வண்டி போன தடத்தில் வராது, உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அங்கே மஞ்சள் வர்ணம் அடித்த இரும்புத் தூண் நின்றது. மூன்று கார்க்காரர்களைக் கெஞ்சி நகர்த்தச் சொல்லி, மனைவி பின்னால் நின்று கையசைக்க, அங்குலம் அங்குலமாகப் பின்னெடுத்து வெளியே வர நாற்பது நிமிடம் ஆயிற்று. தூணின் மஞ்சள் கோடு டிரெய்லரின் விலாவில் இன்னும் இருக்கிறது.

அன்றிலிருந்து விலையைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் வரைபடத்தில் செயற்கைக்கோள் படம். பம்புகள் கடைக்கு இணையாக, ஒரு பக்கம் நுழைந்து நேரே மறுபக்கம் போகும்படி இருக்க வேண்டும். வெளியேற இன்னொரு வாசல் வேண்டும். அடுத்தது கூரை உயரம். லாரிகளுக்குப் பல மாநிலங்களில் வரம்பு 13 அடி 6 அங்குலம் என்பதால் லாரி வரிசையில் பயமில்லை, சிறிய பங்குகளின் கூரைகள்தான் ஆபத்து. டிரெய்லர் உயரத்தை விற்பனைத் தாளில் பார்க்காதீர்கள். ஏணி போட்டு ஏறி, ஏசி பெட்டியின் உச்சி வரை டேப் பிடித்து அளந்து, கண்ணெதிரே ஒட்டிவையுங்கள்.

லாரிகள் நிற்கும் வரிசையில் நாம் நிற்கலாமா? திட்டமாட்டார்களா?

தாராளமாக நிற்கலாம். பைலட், லவ்ஸ், டிஏ போன்ற டிரக் ஸ்டாப்களில் நான் அங்கேதான் போடுகிறேன். லாரி நாசில் பருமனானது, வேகமாகப் பாயும். சில பிக்கப்களில் நுழையாது, நுழைந்தாலும் நுரைத்துத் துப்பும், ஆகவே பிடியைப் பாதிதான் அழுத்த வேண்டும். அட்டையைச் செருகினால் வண்டி எண் என்று ஏதாவது கேட்கும். குழப்பமானால் உள்ளே போய்ப் பணம் கட்டிவிட்டு வாருங்கள். சாதாரண பம்பில் அட்டைக்கு உச்சவரம்பு இருப்பதால் டேங்க் நிறையும் முன்பே நின்றுவிடுவதும் உண்டு.

திட்டு வாங்குவது வேறொன்றுக்காக. டீசல் போட்டதும் முன்னே உள்ள கோடு வரை நகர்த்தி நிறுத்திவிட்டுத்தான் கடைக்குள் போக வேண்டும். பின்னால் நிற்கும் ஓட்டுநருக்குச் சட்டப்படி ஒரு பணிநாளில் ஓட்டக் கிடைப்பது 11 மணி நேரம். அவர் நேரத்தில் நீங்கள் காபி குடிக்கக்கூடாது.

பச்சைப் பிடி என்றால் டீசல்தானே?

பெரும்பாலும் ஆம், ஆனால் பிபி பங்குகளில் பச்சைப் பிடி பெட்ரோல். நிறத்தை விட்டுவிட்டு எழுத்தைப் படியுங்கள்.

யூட்டாவில் ஐ-70 வழியாக மேற்கே போகிறோம். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கிரீன் ரிவர் ஊரில் நிரப்பாமல் கிளம்பாதீர்கள். அடுத்த பங்க் சலைனாவில், நூறு மைலுக்கும் அப்பால். நடுவில் ஊர் கிடையாது, ஏற்றம் மட்டும் உண்டு. அரை டேங்க் இருக்கிறதே என்று நினைக்கிறவர்களுக்கும் இதே பதில்தான்.

பண்ணையில் சிவப்பு டீசல் மலிவாகத் தருகிறார்கள்.

சாலை வரி கட்டாத டீசல் என்பதற்காகவே சாயம் கலக்கிறார்கள். சாலையில் ஓடும் வண்டியில் பிடிபட்டால் கூட்டரசின் அபராதம் 1,000 டாலர் அல்லது கேலனுக்கு 10 டாலர், எது அதிகமோ அது. சாயம் டேங்கில் தங்கிக் காட்டிக்கொடுக்கும்.

டிசம்பரில் டெக்சஸிலிருந்து மின்னசோட்டா. டீசல் உறையுமாமே?

உறைபனிக் குளிரில் டீசலில் உள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். தெற்கே நிரப்பிய டீசலோடு வடக்கே இரவு தங்குவதுதான் தவறு. குளிர்ப் பகுதிக்குள் நுழையும்போது டேங்க் பாதிக்குக் கீழே இருக்கும்படி கணக்குப் பண்ணி, அங்கே விற்கும் குளிர்காலக் கலவையை அன்று மாலையே நிரப்புங்கள். உறைவுத் தடுப்பு மருந்தையும் அப்போதே ஊற்ற வேண்டும். திரண்ட பிறகு ஊற்றிப் பயனில்லை.

புகையைச் சுத்தப்படுத்தத் தனி டேங்கில் ஊற்றும், டிஇஎஃப் எனப்படும் யூரியாக் கரைசல் மைனஸ் 11 டிகிரி செல்சியஸில் உறையும். அதற்குப் பயப்பட வேண்டாம், வண்டியே சூடாக்கிக்கொள்ளும். அதை டீசல் டேங்கில் ஊற்றிவிடுவதுதான் பெரும் செலவு. நீல மூடியில்தான் ஊற்ற வேண்டும்.

டிரெய்லரில் ஃபிரிட்ஜ் கேஸில் ஓடுகிறது. பங்கில் அணைக்க வேண்டுமா?

அவசியம். அதற்குள் எரிவது திறந்த சுடர். பங்குக்குத் திரும்பும் முன்பே ஓரங்கட்டி, ஃபிரிட்ஜை நிறுத்தி, சிலிண்டர் வால்வையும் மூடிவிடுங்கள். அரைமணி நேரத்தில் பால் கெட்டுப்போகாது.